மலை அணைக்கு எங்கள் ஊர் வெயில்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அக்காவின் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். புதன்கிழமை அதை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான், அவள் பல ஆண்டுகளாகத் தற்காலிகமாகப் பாடம் நடத்திவரும் பொறியியல் கல்லூரியில் ஜூன் மாதம் நிரந்தர இடம். இல்லையென்றால் வேறொருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

நான் சேலத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். அணைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது முதல் நான்கு அத்தியாயங்களின் ஆங்கிலத்தைச் செப்பனிட்டபோது தெரிந்துகொண்டது மட்டுமே. அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, மேற்கு மலையில் ஓர் ஆற்றைத் தடுத்து நிற்கும் வளைவு அணை ஒன்றை. தண்ணீரின் பாரத்தை இரு கரைப் பாறைகளின் மேல் தள்ளிவிட்டு நிற்கிறது. நிற்கிறது என்று சொன்னாலும், ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டும் இருக்கிறது. நீர் நிரம்பினால் அதன் உச்சி ஆறு போகும் திசையில் சற்றுச் சாயும். வெயிலில் கான்கிரீட் விரிந்தால் நீர்த்தேக்கத்தின் பக்கம் திரும்பும். எல்லாம் சில மில்லிமீட்டர்தான். அணைக்குள் மேலிருந்து தொங்கும் கம்பி ஒன்று அந்த அசைவைக் காட்டும். அக்கா கணினியில் அதே அணையை உருவாக்கி, நீர்மட்டத்தையும் வெப்பநிலையையும் கொடுத்து, இதுவும் அவ்வளவே அசைகிறதா என்று ஒப்பிட்டாள். கோடையில் நகர்ந்த அணை குளிரில் பழைய இடத்துக்கே திரும்புகிறது, நிரந்தரமாக எதுவும் நகரவில்லை என்பது ஆய்வின் முடிவு.

சேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான நாமகிரிப்பேட்டையில் அன்று காற்றே இல்லை. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் ஈரத் துண்டை விரித்து அதன்மேல் கண்மூடிக் கிடந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தின் நடுவில், ஏப்ரல் மாதப் பகல் வெப்பநிலை நாற்பது டிகிரி என்று ஒரு வரி இருந்தது. அதைக் கடந்து இரண்டு பக்கங்கள் போன பிறகே ஏதோ இடறியது. இரண்டாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். அதே ஏப்ரலில் அவள் அணைக்குப் போயிருந்தாள். நண்பகல்வரை நீரின் மேல் மூடுபனி விலகவில்லை என்று அவளே எழுதியிருந்தாள்.

அவளை எழுப்பி இரண்டு பக்கங்களையும் காட்டினேன்.

“கமா, புள்ளி பாக்கத்தான புள்ள உன்ற கையில குடுத்தேன்?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“நாப்பது டிகிரி அந்த மலைல எங்கக்கா அடிக்குது? நம்மூர்லதான அடிக்கும்?”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்தக் கோடையில் அணையின் வெப்பமானி பழுதாகியிருந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பதிவு வந்து சேரும்வரை இருக்கட்டும் என்று, சேலத்தின் வெப்பநிலையை அந்த இடத்தில் நிரப்பி வைத்தாள். தோட்டத்தின் பதிவும் பிறகு வந்தது, மாற்ற மறந்துவிட்டாள். கணினி அணை கோடையில் அளவுக்கு மீறி அசைந்தபோது, கான்கிரீட் விரியும் அளவைக் குறைத்துப் பொருத்தினாள். குளிர்மாதங்களில் அது பொருந்தாமல் போனதற்குக் கருவியின் பிழை என்று காரணம் எழுதினாள். அவள் நெறியாளரும் எங்கள் பக்கத்து ஆத்தூர்க்காரர். நாற்பது என்ற எண் அவர் கண்ணிலும் உறுத்தவில்லை. எங்கள் சித்திரைக்கு அது சரியான எண்.

மாலையில் அவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். இப்போதைக்கு அப்படியே ஒப்படைக்கும்படியும், பின்னால் ஒரு கட்டுரையில் சரிசெய்துகொள்ளலாம் என்றும் அவர் சொன்னாராம். அவர் கோபப்படவில்லை. அவரும் களைத்திருந்திருக்க வேண்டும்.

அக்கா என்னைப் பார்த்தாள். “நீயா இருந்தா என்ன பண்ணுவ?”

“இந்த அத்தியாயத்துக்கு நான் இங்கிலீஷ் பாக்க மாட்டேன்க்கா,” என்றேன்.

“பாக்காத போ. என்னமோ உன்ற கமாவுலதான் அணையே நிக்குதாட்ட,” என்று சொல்லிவிட்டு, சிரிக்கவும் முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிட்ட பிறகு மடிக்கணினியைத் திறந்து, தோட்டத்தின் வெப்பநிலையை ஏற்றி, கான்கிரீட்டின் அளவையும் பழையபடி மாற்றி ஓடவிட்டாள். முடிய விடிந்துவிடும் என்றாள்.

விடிந்தபோது கோடை பொருந்தியிருந்தது. குளிர்மாதங்களும் பொருந்தின, கருவியில் பிழை ஏதும் இருக்கவில்லை. ஆனால் ஆண்டின் முடிவில், கம்பி காட்டியதற்கும் கணினி சொன்னதற்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று எஞ்சியது. உண்மை அணையின் உச்சி ஆற்றின் போக்கில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்து, அங்கேயே தங்கியிருந்தது. அது கான்கிரீட்டின் இயல்பான தளர்ச்சியா, வேறேதுமா என்று சொல்ல இன்னும் பல மாத வேலை வேண்டும். நிரந்தரமாக எதுவும் நகரவில்லை என்று புதன்கிழமை எழுதிக் கொடுக்க முடியாது. அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அம்மாகிட்ட நீயே சொல்லிரு சாமி,” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜூன் மாத வேலை இல்லை, பட்டமும் தள்ளிப்போகிறது என்று சொன்னேன்.

“ஏன், அந்த அணை ஒடஞ்சிருமா?”

“இல்லம்மா. நல்லாத்தான் நிக்குது.”

“அப்பறம் என்ன கேடு உங்களுக்கு?”

கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, எதனால் என்று தெரியவில்லை என்றேன். அம்மா ஒரு சேலையைப் பிழிந்து முடித்தாள். பிறகு, அவளைத் தூங்க விடு, உறவுக்காரர்கள் யார் கேட்டாலும் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். சேலையின் மறுமுனையைப் பிடித்து உதறி, கொடியில் போட்டேன். உள்ளே வந்து, ஆறு மாத அவகாசம் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும், ஜூன் மாத இடத்தை ஏற்க இயலாது என்று கல்லூரிக்கு ஒன்றுமாக, அக்காவின் பெயரில் இரண்டு கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதி, அவள் எழுந்ததும் கையெழுத்திடும்படி மேசைமேல் வைத்தேன்.