கண்ணாடியில் விழுந்த மச்சான்

அந்த டிவி நிலையத்தில் மேக்கப் அக்காவைத் தெரியாதவர் இல்லை. எண்ணெய் வழியும் எத்தனையோ பெரிய மூக்குகளுக்குப் பவுடர் போட்டவர். வாயும் கொஞ்சம் நீளம். இருந்து என்ன, இன்னும் ஒப்பந்த வேலைதான். நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மேக்கப் முடிந்ததும் ஆளை ஒரு போட்டோ எடுத்துவைப்பார். மறுபடி பதிவு செய்ய நேர்ந்தால் அதைப் பார்த்து அதே மாதிரி போடலாம். துறைமுக வேலையை ஒரு சிமெண்ட் கம்பெனிக்குக் கொடுப்பதாக அமைச்சர் பேசிய உரையை, அறிவிப்புக்கு முதல் நாளே பதிவு செய்தார்கள். அன்றும் வழக்கம்போல எடுத்தார். அதில் அமைச்சரின் முதுகுக்குப் பின்னால் அவருடைய மச்சான், காதில் போனோடு, கண்ணாடியில் பளிச்சென்று விழுந்திருந்தார். "எவ்வளவு கிடைச்சாலும் வாங்கிப் போடு" என்று அவர் போனில் சொன்னது அக்காவுக்கும் கேட்டது. மேக்கப் போடுகிறவளுக்குக் காது உண்டு என்று இவர்களுக்கு எங்கே தோன்றப் போகிறது!

அறிவிப்பு வந்ததும் கம்பெனியின் பங்கு விலை எகிறியது. மச்சான் காட்டில் மழை. ஊர் வாய் சும்மா இருக்குமா? விசாரணை வைத்தார்கள். "அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல" என்று மச்சான் அடித்துச் சொன்னார். செய்தியில் அதைப் பார்த்த அக்காவுக்கு வயிறு எரிந்தது. நேரே போய், சாட்சி சொல்ல வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நிலையத்து மேனேஜர் வீடு தேடி வந்தார். கையில் நிரந்தர வேலைக்கான உத்தரவு.

"அந்த போட்டோவ அழிச்சிடுங்கக்கா. ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டா போதும்."

அக்கா வாங்கிக்கொண்டார். மேனேஜர் தலை மறைந்ததும் கணவர் மெதுவாக, "பொண்ணு படிப்பு இருக்கு. பார்த்து செய்" என்றார். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. உத்தரவை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஆசை யாரை விட்டது?

விசாரணை நாளில் நீதிபதி போட்டோவைப் பார்த்து முடித்ததும் மச்சானின் வக்கீல் எழுந்தார்.

"ஐயா, வேலை நிரந்தரம் ஆகாத ஆத்திரத்துல இந்தம்மா எதையோ ஜோடிச்சிட்டு வந்திருக்காங்க."

"ஆயிடுச்சுங்களே" என்றார் அக்கா. பையிலிருந்து உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நான் பேர் கொடுத்த மறுநாளே வீட்டுக்குக் கொண்டாந்து தந்தாங்க. பதிலுக்கு போட்டோவ அழிக்கணுமாம்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

நீதிபதி கேட்டார்: "இதக் கொடுத்துட்டா வேலை போயிடுமேம்மா?"

அக்கா உத்தரவை நீதிபதி பக்கம் தள்ளிவைத்தார்.

"போகட்டுங்கய்யா. நீங்களே வச்சுக்கங்க."

அந்த வாரமே அமைச்சர் பதவி விலகினார். மச்சானைக் கைது செய்தார்கள். அக்காவுக்கும் வேலை போயிற்று, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் வேலை போன அன்று தெருவில் இறங்கிய கணவர் வீடு திரும்ப வெகுநேரம் ஆனது. பார்த்து செய் என்று பயந்த அதே மனிதர்தான், எதிர்ப்பட்ட ஒருவரையும் விடாமல் நிறுத்தி, "டிவியில காட்டினாங்களே, பார்த்தீங்களா? அது என் சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.