கடிக்கிற மிஷின்

விஜிக்கு இருந்த பயம் சாதாரணப் பயம் இல்லை. பட்டாபிராமில் எங்கள் சமுதாயக் கல்லூரியைக் கூட்டிப் பெருக்கி, பெல் அடித்து, தையல் அறையைத் திறந்து வைக்கிறவள் அவள். எட்டு வருஷமாக ஒரு சுவிட்சைக்கூடக் கையால் தொட்டதில்லை. என் மேஜையிலிருக்கும் மரஸ்கேலை எடுத்து, எட்ட நின்று தட்டித்தான் லைட் போடுவாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அதிகம் சிரித்தவள் தையல் டீச்சரான நான்தான்.

அவள் புருஷன் ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். ஒரு மழை நாளில் ஈரக் காலோடு கிரைண்டரைத் தொட்டான், அவ்வளவுதான். அன்றிலிருந்து ‘கரண்ட்’, ‘ஷாக்’ என்ற வார்த்தைகளை விஜி வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் வந்துவிடுமாம். அவள் மகள் சுவேதா என்னிடம்தான் தையல் படித்தாள்.

போன வருஷம் கல்லூரியைச் சீர்செய்ய எங்கள் பிரின்சிபால் ஜெகதீசன் சார் ஊருக்குள் வசூலுக்கு இறங்கினார். கல்யாண மண்டபம் வைத்திருக்கும் திருவேங்கடம் பத்து மோட்டார் தையல் மிஷின் வாங்கித் தந்தார். அடுக்குமாடிக்காரர்கள் ஃபேன், ஒரு நகைக்கடைக்காரர் டியூப் லைட். எல்லாவற்றிலும் ‘உபயம்’ என்று போட்டுப் பெயர். டியூப் லைட்டில் பெயர் போக மிச்சமிருந்த இடத்தில்தான் வெளிச்சமே வந்தது. சாரின் பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது: பழைய ஒயரை மாற்றி எர்த் போடுவது. அதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. சுவருக்குள்ளே போகிற ஒயரில் யார் பெயரை எழுதுவது? “அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் சார். எனக்கு மிஷின் வந்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன்.

மிஷின்கள் வந்த பிறகு, தினம் காலையில் ஏதாவது ஒரு மிஷினுக்கு மட்டும் உறை போட்டே இருக்கும். “இது கடிக்குது டீச்சர், பொண்ணுங்கள உக்கார வெக்காதீங்க” என்பாள் விஜி. தையல்காரர்களுக்கு மிஷின் கடிக்கிறதென்றால் ஒரே அர்த்தம்தான்: துணியை ஊசிக்குக் கீழே இருக்கிற பல்லில் சிக்க வைக்கிறது. நான் உறையை எடுத்து, பல்லைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்ப்பேன். நன்றாகத்தான் ஓடும். மூட்டுவலிக்காக ரப்பர் செருப்பைக் கழற்றாதவள் நான். பிள்ளைகளும் செருப்போடுதான் உட்காருவார்கள். கூட்டிப் பெருக்குகிற விஜி மட்டும்தான் வெறுங்கால்.

திறப்பு விழா அன்று குத்துவிளக்கு வைத்ததால் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டிருந்தோம். தரையைக் கழுவி விட்டிருந்தார்கள், இன்னும் காயவில்லை. விஜி என் பட்டுச்சேலையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், மொத மிஷின் இன்னிக்கு ரொம்பக் கடிக்குது.”

“எண்ணெய் விட்டாச்சு, போடி” என்றேன். என் வாயை இப்போது நினைத்தாலும் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

திருவேங்கடம் தன் பெயர் எழுதியிருந்த முதல் மிஷினைத் தடவிக் கொடுத்தார். “ஒரு பொண்ணு தெச்சிக் காட்டட்டும்” என்றார். நன்றாகத் தைக்கிறவள் சுவேதாதான். நான்தான் அவளைக் கூப்பிட்டேன். அவள் ஈரத்தரையில் வெறுங்காலோடு நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பிளக் சுவிட்சைப் போடக் குனிந்தேன்.

பின்னால் ‘டப்’ என்று சத்தம். ஃபேன் நின்றது, லைட் அணைந்தது.

விஜி மெயின் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் என் மரஸ்கேல். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

“இன்னாம்மா இது? நல்ல காரியத்துல அபசகுனமா!” என்று கத்தினார் திருவேங்கடம். ஜெகதீசன் சார் அவளை நகரச் சொன்னார். “வேலை வேணுமா வேணாமா உனக்கு?”

அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள். “ஷாக் அடிக்குது டீச்சர்!” என்று அலறினாள். “கடிக்குது கடிக்குதுன்னு தெனம் சொல்லிகினு கீறேனே. ஷாக்கு! ஷாக்கு!”

அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டதும் ஓடிப்போய்ச் சுவேதாவை ஸ்டூலோடு சேர்த்து இழுத்தேன்.

எலக்ட்ரீஷியன் பிரிவு மனோகரன் சார் வந்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மெயினையும் பிளக் சுவிட்சையும் போட்டு, மிஷின் உடம்பில் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த திருவேங்கடம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரமே அவர் செலவில் புது ஒயர் வந்தது, எர்த்துக்குக் குழி வெட்டினார்கள். குழியின் சிமெண்ட் மூடியிலும் ‘உபயம்’ போட்டுவிட்டார், அது வேறு கதை. குழி காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது; அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் விஜிதான். அங்கே வைத்துத்தான் கேட்டேன்: “எது கடிக்குதுன்னு தினம் எப்படிடி கண்டுபிடிச்சே?”

வலது புறங்கையைக் காட்டினாள். “காலைல வந்ததும் சுச்சிய போட்டுட்டு, பத்தையும் இதால தொட்டுப் பாப்பேன் டீச்சர்.”

சுவிட்சையே ஸ்கேலால் தட்டுகிறவள். “பயமா இல்லையா?” என்றேன்.

“பயமா? ஒடம்பே உதறும் டீச்சர். ஒரு நாளு பொடவையிலயே ஒன்னுக்குப் போய்ட்டேன்.” குடத்தைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள். “இன்னா பண்றது, ஒம்போது மணிக்குப் பொண்ணுங்க வந்துடுமே.”