இரண்டாவது ராணி

மரத்தில் கடைந்த செஸ் காய்கள் வெந்நீர் அடுப்பில் எரியும்போது முதலில் வார்னிஷ் கருகிக் கண்ணைக் கரிக்கும். அப்புறம்தான் மரவாசனை வரும். எனக்கு இது தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கையில் என் முப்பத்திரண்டு காய்களையும் அப்பா அப்படித்தான் எரித்தார். அந்த வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அப்பா கெட்டவர் இல்லை. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் ஷிப்டு பார்த்தவர், கைகால் அசையாமல் செய்வது எதுவும் வேலையே இல்லை என்று நம்பியவர். எதிராளியின் காயை எடுப்பதை நாங்கள் ‘வெட்டுதது’ என்போம். நானும் பக்கத்து வீட்டு ஜீனத்தும் தரையில் குனிந்து ‘வெட்டுட்டி, வெட்டு’ என்று கத்தும்போதெல்லாம், “வெட்டிப் பொழுதுன்னு சரியாத்தான் பேரு வச்சிருக்காம்லா” என்று நக்கலடித்தபடி சைக்கிளை எடுப்பார். திருநெல்வேலியில் பள்ளிகளுக்கான போட்டி வந்தபோது ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: “செயிச்சா ஆடு. தோத்தா அம்புட்டும் அடுப்புக்குள்ள போயிரும், பாத்துக்கோ.”

எங்கள் தெருவின் சட்டம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிப்பாய் எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு பெரிய காயை வைத்துக்கொள்ளலாம் அல்லவா? எங்கள் தெருவில், அதுவரை வெட்டுப்பட்ட காய்களில் ஒன்றைத்தான் வைக்க முடியும். ‘செத்த காய்தான் எந்திரிக்கும்’ என்பார்கள். யார் சொன்னது என்று ஒருவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போட்டியில், ஜெயித்தே தீரவேண்டிய ஆட்டத்தில், என் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. என் ராணி உயிரோடு இருந்தாள். செத்துக் கிடந்தவை ஒரு குதிரையும் ஒரு மந்திரியும். குதிரையை எடுத்து வைத்தேன். தோற்றேன்.

“ராணிய எடுத்திருந்தா அங்கனயே முடிஞ்சிருக்குமேம்மா, ஏன் குதிரை?” என்றார் நடுவர்.

“ராணிதான் இன்னும் சாகலையே சார்.”

மனிதர் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு, “எந்தப் புத்தகத்துலம்மா அப்படிப் போட்டிருக்கு?” என்று கேட்டார். பஸ்ஸில் அம்பாசமுத்திரம் வரும்வரை அழுதேன். அதற்குப் பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. யாரோ சொன்னதை இத்தனை வருஷம் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேனே என்று என்மேலேயே கோபம்.

மறுநாள் காலையில் அப்பா சொன்னபடியே செய்தார். “எரிங்கப்பா, கட்டம் என் தலைக்குள்ள இருக்கு” என்றேன். அன்றிலிருந்து நானும் ஜீனத்தும் பள்ளிக்கு நடந்து போகிற வழியில், பலகையும் இல்லாமல் காயும் இல்லாமல், வாயாலேயே ஆடினோம்.

பிளஸ் டூ முடிந்ததும், “பொட்டப்புள்ளய வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைக்க வழக்கம் நம்ம வீட்டுல கெடையாது” என்றார் அப்பா.

“எந்தப் புத்தகத்துலப்பா போட்டிருக்கு?”

அறை விழும் என்று காத்திருந்தேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பாளையங்கோட்டைக் கல்லூரி விண்ணப்பத்தை அவரே வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

செஸ் ஆடினால் கணக்கு வரும், மூளை வளரும் என்று சொல்லிப் பிள்ளைகளை வகுப்பில் கொண்டு தள்ளுகிறார்களே, அந்த நியாயமே எனக்கு ஆகாது. எனக்குக் கணக்கும் வரவில்லை, கோப்பையும் வரவில்லை. ஒருவர் சொல்வது சட்டமா, வெறும் தெருப்பேச்சா என்று கேட்கிற புத்தி வந்தது. அதுவும் வராமல் போயிருந்தாலும் ஆடியிருப்பேன். என் மூளை என்ன, யாருக்கோ ஷிப்டு பார்க்கவா தலைக்குள் இருக்கிறது?

அப்பா இப்போது இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் செல்போனில் ஆடுகிறார்கள். சிப்பாய் போய்ச் சேர்ந்ததும் போனே ஒரு ராணியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ‘செத்த காய்தான் எந்திரிக்கும்’ என்று சொல்ல அங்கே யாரும் மிச்சமில்லை. ஜீனத் சவூதியில், தம்மாமில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் போனில், இன்றும் வாயாலேயே ஆடுகிறோம். இந்த வயதில் இதென்ன வெட்டிப் பேச்சு என்று இரண்டு வீட்டிலும் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

நேற்று அவளுக்கு இரண்டு ராணி.

“இப்ப என்னட்டி செய்வ?” என்றாள்.

“ஒண்ணொண்ணா வெட்டுதேன், இரு” என்றேன்.