எங்கள் சபை மேகத்தில் குடியேறிய விதம்

எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். 'இருந்தான்' என்று எழுதத்தான் கை போனது. ஆனால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், ரத்த அழுத்தம்கூடக் கிடையாது. கல்லூரியில் ஒரே பெஞ்சு. பிறகு தாம்பரத்தில் ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. அவனும் டெனர், நானும் டெனர், அதாவது ஆண் குரல்களில் மேலே போகிற குரல். நான் சுருதி விலகும்போது அவன் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி என்னை மறைத்துவிடுவான். ஆண்களுக்குள் இதைவிட நெருக்கமான உறவு இருப்பதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இவன் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனி தொடங்கினான். நம் போனில் இருக்கிற படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி. ஆங்கிலத்தில் இதற்கு மேகம் என்று பெயர். உண்மையில் அது எங்கோ ஏசி போட்ட ஒரு ஹாலில் வரிசையாக அடுக்கிய கம்ப்யூட்டர்கள் என்று அவனே எனக்குச் சொன்னான்.

"எவ்ளோ வேணும்னாலும் வெச்சுக்கலாம் மச்சான். ஃப்ரீ."

"உனக்கு என்னடா லாபம்?"

"ஜனங்க சந்தோஷமா இருக்கணும், அவ்ளோதான்."

நான் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்பவன். பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஆயிரம் பேரை என் மேஜைக்கு எதிரில் உட்காரவைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். அவனுடைய நிபந்தனைகளை நான் படிக்கவில்லை. நண்பன் வீட்டுச் சாப்பாட்டில் கல் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துக்கொண்டா சாப்பிடுவோம்?

அவனுடைய இலவசத் திட்டத்துக்குக் குடும்பத் திட்டம் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லோரும் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் இதை விளக்கினான். கமிட்டிச் செயலர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்டார்.

"குடும்பம்னா எத்தனை பேர் தம்பி?"

"நீங்க யாரையெல்லாம் குடும்பம்னு நெனைக்கிறீங்களோ, அத்தனை பேரும் சார்."

இந்தப் பதிலை வேறு எந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். எங்கள் ஆயரோ ஒவ்வொரு ஞாயிறும் 'கர்த்தருடைய குடும்பமே' என்றுதான் பிரசங்கத்தைத் தொடங்குவார். நாங்களும் அதைக் கேட்டுக்கேட்டு நம்பியிருந்தோம். மறு வாரமே சபை முழுவதும் ஒரே குடும்பமாகி, எல்லோர் பெயரையும் உறுப்பினராகச் சேர்த்து ஒரே கணக்கைத் திறந்துவிட்டது. கடவுச்சொல், ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் மனப்பாடமான ஒரு வசனத்தின் அதிகாரமும் எண்ணும். உலகத்திலேயே இத்தனை பேருக்குத் தெரிந்த ரகசியம் வேறு இருந்திருக்க முடியாது.

குடியேற்ற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. சபை மாத இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன் என்ற முறையில், எல்லோருக்கும் என் மேல் ஒரு வாஞ்சை உண்டு. அந்தப் பத்தியில் மேகத்தின் பெருமையை எழுதினேன். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் இரும்புலியூரிலிருந்து அஸ்தினாபுரம் வரை வீடு வீடாகப் போனபோது, மற்றவர்கள் கேக்கைச் சாப்பிட, நான் அந்த வீட்டுப் போனை வாங்கிப் படங்களை மேலே ஏற்றினேன். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், புதுவீட்டுப் பிரதிஷ்டை எல்லாம் ஏறின. "இது நம்ம பையன் கம்பெனி, பயப்படாதீங்க" என்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அத்தனை வீடும் திறந்தது.

இப்படி ஏறியவற்றில் ஒன்றுதான் அக்காவின் கீபோர்டு.

சபை முழுவதும் அக்கா என்று கூப்பிடும் இவர், எங்கள் சர்ச்சில் வெகுகாலம் கீபோர்டு வாசித்தவர். பள்ளியில் கணக்கு டீச்சர். அஸ்தினாபுரத்தில் தனியாக இருக்கிறார். விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கி, சீக்கிரமே வாசிக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னவுடன், அழுதுகொண்டு உட்காராமல், சபை பாடுகிற பாட்டு அத்தனையையும் சரணம் சரணமாக வாசித்துத் தன் போனில் பதிந்துவைத்தார். அந்தப் பதிவுகளில் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் சபை, பாட்டு மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்காது. தனக்குத் தோன்றிய இடத்தில் நின்று, கனைத்து, பிறகு புறப்படும். அக்கா அந்தந்த இடங்களில் விரலைத் தூக்கிக் காத்திருந்து வாசித்திருந்தார். வேறு யார் வாசித்த இசைக்கும் எங்களால் பாட முடியாது. முயன்று பார்த்திருக்கிறோம். அது ரயிலைத் துரத்துவதுபோல் இருந்தது.

"போன் நெறஞ்சிடுச்சு, நெறஞ்சிடுச்சுன்னு கத்திட்டே இருக்கு தம்பி" என்றார். எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் 'போனில் உள்ள நகல்களை நீக்கவா?' என்று கேட்டது. நீக்கினேன்.

"மேல பத்திரமா இருக்குக்கா."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் மைக்செட் அண்ணன் கணக்கைத் திறந்து, பாட்டைத் தட்டுவார். ஸ்பீக்கரில் அக்கா வாசிப்பார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்கா அதைக் கேட்டுக்கொண்டே மடியில் விரலை அசைப்பார். இப்படிச் சில வருடங்கள் சுகமாகப் போயின.

ஒரு ஞாயிறு, ஆரம்பப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. மைக்செட் அண்ணன் போனைத் தட்டினார், உலுக்கினார், கடைசியில் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது? துட்டு கட்னாத்தான் பாடுமாம். போட்டு கீது பாரு."

இலவசத் திட்டம் முடிந்துவிட்டது. குடும்பத்தின் அளவு பெரிதாகிவிட்டதால் கட்டணத் திட்டம் ஒன்றுக்கு மாற வேண்டும். மாறும்வரை எல்லாவற்றின் பெயரையும் பார்க்கலாம். கேட்கவோ கீழே இறக்கவோ முடியாது. குறித்த நாளுக்குள் மாறாவிட்டால் நீக்கப்படும். அன்று கீபோர்டு இல்லாமலே பாடினோம். ஆயர் தொடங்கிய சுருதியில் இரண்டாம் சரணத்துக்கு மேல் பெண்களே பாடவில்லை.

அன்றைக்கே கமிட்டி கூடியது. பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் விவாதம் தொடங்கியது. பாட்டு என்பதால் பாடகர் குழு நிதி என்றார் ஒருவர். பிள்ளைகள் படம் நிறைய இருப்பதால் ஞாயிறு பள்ளி நிதி என்றார் இன்னொருவர். பொருளாளர் சூடானார்.

"குடும்பம்னு சொல்லிட்டு, குடும்பத்துக்கிட்டயே வாடகை கேப்பானா?"

"எங்க வீட்ல என் மூத்தவன் கேக்குறான் சார்" என்றார் செயலர்.

இதை ஆராய ஒரு துணைக் கமிட்டி அமைப்பது என்று தீர்மானமானது. துணைக் கமிட்டிக்கு யார் தலைவர் என்பதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அக்கா போன் செய்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. அது இருக்கா, போயிடுச்சா?"

"இருக்குக்கா."

"இருந்தா ஏன் கேக்க முடியல?"

"பூட்டியிருக்காங்க."

"யாரு?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நம்ம தம்பி கம்பெனிதானே? அவன் பாட்டுக்கு நான் எத்தனை வருஷம் வாசிச்சிருக்கேன். போய்ச் சொல்லு, தொறந்துடுவான்."

நானும் அதைத்தான் நம்பினேன். போன் செய்தபோது அவன் அவசரத்தில் இருந்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்குப் பேசப் போகிறானாம். "நீயும் வாயேன் மச்சான். முன் வரிசைல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும். அங்கயே பேசிக்கலாம்." அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். தெம்பு கொடுக்க.

அவன் நன்றாகப் பேசினான். அதை மறுக்க மாட்டேன். ஃப்ரீ என்பது தானம் இல்லை, முன்பணம் என்றான். சாமானுக்கு மதிப்பில்லை, சாமானைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகிற சிரமத்துக்குத்தான் மதிப்பு. ஆகவே ஏற்றுவதற்குப் பெரிய கதவாக வையுங்கள், இறக்குவதற்கு ஜன்னல் போதும் என்றான். பிள்ளைகள் வேக வேகமாக எழுதிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சுருதி விலகாமல் பேசுகிறானே என்று.

"தனி ஆள் கோவம் வந்தா கிளம்பிடுவான்" என்று தொடர்ந்தான். "குடும்பம் அவ்ளோ சீக்கிரம் கிளம்பாது. ஆனா ஒரு கமிட்டி இருக்கு பாருங்க, அது கிளம்பவே கிளம்பாது. கிளம்பணும்னா தீர்மானம் போடணும். நான் ஒரு சர்ச்ல வளந்தவன். ஒரு ஃபேன் மாத்துறதுக்கு ஒரு வருஷம் பேசுவாங்க. அப்பத்தான் எனக்கு ஐடியா வந்துச்சு. குடும்பம்ங்கிற வார்த்தைக்கு அளவே வெக்காதீங்க. அவங்களே சேந்து ஒரே கணக்குல வந்து உக்காருவாங்க."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால் வேறென்ன செய்வது.

"இன்னொண்ணு. ஒவ்வொரு சபைலயும், ஒவ்வொரு அப்பார்ட்மெண்ட்லயும் ஒருத்தர் இருப்பார். எல்லாருக்கும் அவரப் பிடிக்கும். தமாஷா பேசுவார். அவர் சொன்னா கேப்பாங்க. அவரைக் கண்டுபிடிங்க. ஆனா அவருக்கு மட்டும் சம்பளம் குடுத்துடாதீங்க. குடுத்தா ஜனங்க நம்ப மாட்டாங்க."

ஒரு மாணவி எழுந்தாள். "சார், உங்களுக்குக் கிடைச்சவர் இப்போ உங்க கம்பெனிலதான் இருக்காரா?"

"இல்லம்மா. வெளிய இருந்தாத்தான் அவருக்கு மதிப்பு" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் கள்ளம் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். இல்லை. உண்மையான பிரியம் இருந்தது. நாற்பது கேக்குகளைத் தியாகம் செய்து நான் வீடு வீடாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம், அவனுடைய திட்டத்தில் ஏற்கெனவே ஒரு வரியாக இருந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து சமோசாவும் காபியும் கொடுத்தார்கள். அவன் என் தோளில் கை போட்டான்.

"எப்டி இருந்துச்சு மச்சான்?"

"அந்த ஆளு நான்தானே?"

"பின்ன? நீ இல்லன்னா இந்தக் கம்பெனியே இல்லடா." அவன் கண் கலங்கியிருந்தது. சமோசா காரமும் காரணமாக இருக்கலாம்.

"அக்காவோட பாட்டு பூட்டிக் கெடக்கு. அத மட்டும் தொறந்து விடு."

"அது எல்லாம் சிஸ்டம் பாத்துக்குது. ஒருத்தருக்குன்னு தனியா தொறக்க முடியாது" என்று கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்றேன். சபைக்கு ஒரு வருஷம் என் பரிசு. ஃப்ரீ."

இந்த இடத்தில் சமோசாத் தட்டை வைத்துவிட்டு, உன் ஃப்ரீயும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். மனசுக்குள் அதற்கான வசனத்தைத் தயாரித்தும்விட்டேன். நல்ல வசனம். ஆனால் நான் வெளியேறினால் பூட்டிக் கிடக்கப் போவது என் விரல்கள் இல்லை.

"தேங்க்ஸ்டா" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஸ்பீக்கர் வாசித்தது. எங்களுக்கு மூச்சு முட்டிய இடங்களில் எல்லாம் அது காத்திருந்தது. ஆராதனை முடிவில் செயலர் அறிவித்தார்: நம் சபையின் அருமை மகன் ஓராண்டுக் கட்டணத்தைத் தன் காணிக்கையாக ஏற்றிருக்கிறார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதோடு மீதமுள்ள பழைய ஆல்பங்களையும் ஸ்கேன் செய்து மேலே ஏற்றுவது என்று கமிட்டி அந்த இடத்திலேயே முடிவு செய்தது. அந்தக் கமிட்டி நின்றுகொண்டே எடுத்த ஒரே முடிவு அதுதான்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். பதிவுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க முடிந்தது, ஜன்னல் அப்படி. ஒவ்வொன்று இறங்கியதும் அக்கா அதைப் போட்டுக் கேட்டு, இங்கே அவசரப்பட்டிருக்கிறேன், இது பரவாயில்லை என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தார். இடையில் கல்லூரியில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னேன், அது என் வழக்கம். அக்கா சிரிக்கவில்லை.

"அவன் டெனர் எடுக்குற எடத்துல நான் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன். குரல் தெரியணும்னு" என்றார்.

கடைசிப் பாட்டும் இறங்கியது. பென் டிரைவில் ஒன்று, அவர் போனில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்துக் கொடுத்தேன்.

"மேல இருக்கிறத அழிச்சிடு தம்பி."

"சபைக்கு மைக்செட் அண்ணன் வேணும்பாரே?"

"அவருக்கு இதுலேருந்து போட்டுக் குடு. எங்க வேணும்னாலும் என் வாசிப்பு இருக்கட்டும், அங்க வேணாம்."

அழுத்தினேன். ஒரு செய்தி வந்தது. இது குடும்பக் கணக்கு என்பதால், எதையும் நிரந்தரமாக நீக்க, குடும்ப உறுப்பினர்கள் அனைவரின் ஒப்புதலும் வேண்டும்.

"அனைவரும்னா?"

"சபை மொத்தமும்க்கா. கனடா போனவங்க, காலமானவங்க எல்லாரும் கணக்குல இருக்காங்க."

அக்கா போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, தானே ஒருமுறை படித்தார். கணக்கு டீச்சர், விடை சரிதான் என்று புரிந்துகொண்டார். பென் டிரைவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அவர் சொல்லி நான் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டதாகச் செயலர் சொன்னார். முதலில் நம் அருமை மகனுக்கு நன்றித் தீர்மானம். அதை நகைச்சுவையாக எழுதித் தர வேண்டியது நான். அதற்குப் பிறகு நேரம் இருந்தால் அக்காவின் விஷயத்தை எடுத்துக்கொள்வார்களாம்.