நபீஸாவின் வீடும் பன்னிரண்டாம் உறுப்புரையும்

காத்தான்குடியில் பெண் பிறந்தால் வாப்பாவும் உம்மாவும் வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணத்தோடு வீடு மகளுக்கு. மாப்பிள்ளை உடுதுணியோடு வந்து குடியேறுவான். சண்டை முற்றினால் வெளியே போவதும் அவன்தான். நபீஸாவுக்கும் அவளுடைய உம்மா கடற்கரைப் பக்கம் ஒரு கல்வீடு எழுதிக் கொடுத்திருந்தாள். சுனாமி அதை அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போயிற்று.

அரசாங்கம் வேறு காணியில் வீடு கட்டிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பதிந்தது புருஷன் பதியுதீனின் பெயரை. கேட்டால், குடும்பத் தலைவர் அவன்தானாம்! என்ன நியாயமய்யா இது?

"கடல் கொண்டு போன என்ட வீட்ட. திருப்பித் தாறது மட்டும் எப்பிடி அவருட வீடாகும்?" என்று நபீஸா பிரதேச செயலகக் கந்தோரில் சத்தம் போட்டாள். காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மகள் ஸஹ்ராவுக்கு எதைக் கொடுப்பது? பதியுதீனுக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. "ஆருட பேர்ல இருந்தா என்ன? ரெண்டு பேரும்தானே இருக்கப் போறம்" என்றான்.

உறுதி வருவதற்குள் வருடங்கள் ஓடின. நபீஸா கைத்தறிச் சாரன் கடை ஒன்றைத் திறந்தாள். மட்டக்களப்பு நகரில் வணிக டிப்ளோமா வகுப்பிலும் சேர்ந்தாள். அங்கே அரசியலமைப்பு அடிப்படைகள் என்று ஒரு பாடம். படிப்பித்தவர் மவுறீன் மிஸ், நகரத்துப் பறங்கியர் சமூகத்துப் பெண். நாட்டில் எல்லாச் சட்டமும் அரசியலமைப்புக்குக் கீழேதான் என்றார். வியாபாரம் செய்யும் உரிமையும் அதில்தான் இருக்கிறது என்றார். பன்னிரண்டாம் உறுப்புரைக்கு வந்தார்: சட்டத்தின் முன் எல்லாரும் சமம், ஆண் பெண் பேதம் காட்டக்கூடாது. இளசுகள் கொட்டாவி விட்டார்கள். நபீஸா எழும்பி நின்றாள்.

"மிஸ், கந்தோர்க்காரங்க இத மீறினா?"

"கொழும்பில உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மீறி ஒரு மாதத்துக்குள்ள போகோணும், பிந்தினா எடுக்கமாட்டாங்க."

யுத்தம் முடிந்த வருடம் உறுதி கொடுக்க நாள் குறித்தார்கள். நபீஸா மறுபடி கந்தோருக்குப் போனாள்.

"சுற்றறிக்கையில குடும்பத் தலைவருக்கு எண்டுதான் இருக்கு, அக்கா," என்றார் உத்தியோகத்தர்.

"சுற்றறிக்கை பெருசா, அரசியலமைப்பு பெருசா?"

"சுற்றறிக்கை எனக்கு வந்திருக்கு. அரசியலமைப்ப எனக்கு ஆரும் அனுப்பல்ல."

மனுசன் பகடி விடவில்லை, மெய்யாகவே சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? வேண்டுமானால் உறுதி கொடுக்கும் நாளில் புருஷன் வந்து, மனைவி பெயரில் எழுதுங்கள் என்று வாயால் சொல்லட்டும் என்றார். தன் வீட்டுக்குத் தானே பிச்சை கேட்பதா! ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு பதியுதீனிடம் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

அந்த நாளும் வந்தது, பெயர் கூப்பிட்டார்கள். பதியுதீன் மேடைக்கு ஏறினான், உறுதியை வாங்கினான், படத்துக்குச் சிரித்தான், இறங்கினான். வாய் திறக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் நபீஸா வெடித்தாள். "ஏன் சொல்லல்ல?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடிச் சொல்ற? ஆம்பிளைக்கு மானம் மரியாதை இல்லையா?"

"மானமா? என்ட உம்மா தந்த வீட்டில இத்தன வருசம் படுத்தெழும்பக்குள்ள அந்த மானம் எங்க போன?"

பதியுதீன் பாய்ந்து எழும்பினான். "என்ட வீட்டில இருந்துகொண்டு எனக்கே ஏசுறியா? புடிக்காட்டி வெளிய போ!"

அந்த ஊரில் எந்தப் புருஷனும் பெண்சாதியைப் பார்த்துச் சொல்லாத சொல். சொன்ன பிறகு அவனே திகைத்துப்போனான். ஸஹ்ரா அறை வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். நபீஸா அழவில்லை.

விடிந்ததும் அபாயாவைப் போட்டுக்கொண்டு பையோடு வெளிக்கிட்டாள். பதியுதீன் பதறி ஓடிவந்தான்.

"எங்க போறாய்? கோவத்தில சொன்ன சொல்லுக்கு இப்பிடியா?"

"கொழும்புக்கு, வழக்குப் போட. மவுறீன் மிஸ் ஒரு சட்டத்தரணியச் சொல்லியிருக்கா. கந்தோர்க்காரங்கட பேரோட ஒங்கட பேரும் எதிராளியா வரும்."

"ஸஹ்ராட வாப்பாவையா கோட்டில நிப்பாட்டப் போறாய்?"

"ஸஹ்ராட வீட்டுக்குத்தான் நிப்பாட்டப் போறன்," என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தாள்.