அரை பீடியும் அரிசி வரிசையும்

கதை எழுதப் பழகுகிறவர்களுக்கு வேலாயுதம் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: எழுதியதை அரிசி வரிசையில் நின்று படித்துக் காட்டுங்கள். பசித்தவன் காதுக்குப் பொறுமை கிடையாது. கதை எங்கே நொண்டுகிறதோ அங்கேயே கொட்டாவி விட்டுவிடுவான்.

இதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா, நாற்பது வயது. யுத்தத்துக்கு முன்பு பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகளெல்லாம் போன சுருக்கில் திரும்பி வந்தன. ஜப்பான்காரன் வந்த பிறகு அனுப்பப் பத்திரிகையும் இல்லை, எழுதக் காகிதமும் இல்லை. பழைய சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, பங்கீட்டுக் கடை வரிசையில் படித்தார். அங்கே யாரும் எழுந்து ஓட முடியாதல்லவா?

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. முடிவைக் கேட்பதற்காக ஒரே ஓர் ஆள் தன் முறையை விட்டுவிட்டு நிற்க வேண்டும், அன்றைக்குத்தான் தான் எழுத்தாளன். அரிசியை விடுகிற மடையன் எவன் என்று கேட்காதீர்கள். ஆசைக்கு ஏது அளவு?

வரிசையில் எப்போதும் அவருக்கு முன்னால் நிற்பவள் வள்ளியம்மா, துணி வெளுத்துப் பிழைப்பவள். முதல் நாள் கதையில் சூரியன் உதித்து, குயில் கூவி, கதாநாயகியின் முகம் நிலவாவதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

“அண்ணே, மொகம் நெலா மாதிரியே இருக்கட்டும். காலையில அவ என்ன தின்னா?”

வேலாயுதத்துக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, கதாநாயகிக்கு நேற்று அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்தார். மறுவாரம் வரிசையே காது கொடுத்தது. அன்றுமுதல் அவள் கேட்பாள், இவர் எழுதுவார். குடை யாருடையது, செருப்பு எங்கே அறுந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேச்சுவாக்கில் தன் கதையையும் சொன்னாள். புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை வேலைக்கு லோரியில் ஏற்றிப்போய் எட்டு மாதம், ஒரு கடுதாசி இல்லை. பேரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்வாளா?

“எங்க வீட்டுக்காரரு பீடியைப் பாதி குடிச்சிட்டு மீதியக் காதுல சொருகிக்குவாரு. அப்புறம் அதையே வீடெல்லாம் தேடுவாரு” என்று சிரித்தாள்.

எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? அடுத்த கதையில் சயாம் காட்டில் ஒருவன் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அரை பீடியைத் தேடினான். கடைசியில் செத்தும் போனான், பீடி காதிலேயே இருந்தது. சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்பது வேலாயுதத்தின் எண்ணம். எழுதும்போது அழுதார், அழுததில் கொஞ்சம் பெருமையும் பட்டார்.

அதைப் படித்த அன்று வரிசையில் ஒருவர்கூட இருமவில்லை.

“அடுத்த ஆளு லா” என்றான் கடைக்காரன். வள்ளியம்மா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். வேலாயுதத்துக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

“யாருண்ணே வந்து சொன்னா?”

“எதைம்மா?”

“சயாம்லேருந்து யாரோ தப்பிச்சு வந்திருக்காங்க. நேரா சொல்ல மனசில்லாம கதையா சொல்றீங்க. எப்ப செத்தாரு?”

அந்த நாளில் சேதி அப்படித்தான் வந்தது, தப்பி வந்தவர்கள் வாய்வழியாக.

“யாரும் வரலம்மா, சத்தியமா. நானா எழுதினது. பீடி மட்டும் நீ சொன்னது.”

அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கடையில் அரிசி தீர்ந்து கதவைச் சாத்தினார்கள், இருவருக்கும் இல்லை.

“மாத்திடுறேன்மா. திரும்பி வந்துட்டதா எழுதிடுறேன்.”

“வேணாம். அதுவும் உங்களுக்குத் தெரியாதே. அவரு தேடிக்கிட்டே இருக்கட்டும். அதோட நிறுத்துங்க.”

வேலாயுதம் பென்சிலால் கடைசி வரிகளை அடித்தார். படிக்கத் தெரியாதவள், எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

“அந்த ஆளுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?”

“முத்தையா.”

வள்ளியம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அங்கமுத்துன்னு போடுங்கண்ணே.”