லப்பெத் தட்டில் வளைந்த ட்ரைலர்கள்

1. டிரம்முக்குள் பம்பரம்

தீமிதி லீவு முடிந்து நான் தாமுவே பேட்டையில் இருக்கும் தூண்டில் கடைக்குத் திரும்பிய காலையில், வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். கடை முதலாளி காசிம் பாய், அவருடைய மச்சான் ஜமால், வாடிக்கையாளர் ஊ மின். ஊ மின் ஒரு ஜிக்கைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தார். அது பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே வந்தது. இன்னொன்றை எடுத்து இழுத்தார். அதுவும் சுற்றியது.

புதிதாகத் தூண்டில் கடை வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். ஜிக் என்பது ஈயத் தலை வைத்து வார்த்த தூண்டில் முள். தலைக்குக் கீழே ரப்பர் இழைகள் பாவாடை மாதிரி தொங்கும், அதை ஸ்கர்ட் என்போம். முள்ளின் பின்பக்கம் கோர்க்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் பூச்சிதான் ட்ரைலர். எங்கள் கடையில் அதிகம் போவது இரண்டு கொடுக்கு வைத்த வகை. அட்டையில் பாஸ் என்கிற வெளிநாட்டு மீனின் படம் போட்டிருக்கும். இங்கே அதைக் கவ்வுவது விரால். விராலுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பதால் வியாபாரம் நடக்கிறது.

ட்ரைலர் நேராக உட்கார்ந்தால் ஜிக் தரையில் நிமிர்ந்து நிற்கும், கொடுக்கு இரண்டும் தூக்கிக்கொண்டு ஆடும். துளி கோணினாலும் சுற்றும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீன் கிட்டவே வராது.

2. என் மேசை

இந்தக் கடைக்கு வருமுன் நான் கார்மென்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். பாய் கடைக்குச் சில்லறை வேலைக்கு வந்தவள், ஒருநாள் சும்மா ஒரு ட்ரைலரை எடுத்துக் கோர்த்துப் பார்த்தேன். டிரம்மில் விட்டபோது அது நேராக வந்தது. பாய் வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார். மறுவாரமே எனக்குத் தனியாக ஒரு மேசையும் ஒரு லைட்டும் போட்டுக் கொடுத்தார்.

ஜமாலுக்கு அது பிடிக்கவில்லை. முள்ளில் ரப்பர் மாட்ட ஒரு ஆளா, அந்த இடத்தில் நரம்பு சுற்றும் ரீல்களுக்கு ஒரு அலமாரி வைக்கலாமே என்று ஓதிக்கொண்டே இருந்தான். கடைசியில் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். ஊ மின்னும் அவருடைய கூட்டாளிகளும் ஏரிப் போட்டிக்குப் போகிறார்கள். கோர்த்துத் தயாராக வைத்த ஜிக்குகள் அவர்களுக்கு வேண்டும். அந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் மேசை இருக்கும், இல்லாவிட்டால் அலமாரி வரும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். மேசை போனால் எனக்குக் கடையில் வேறு வேலை இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

லீவு போகும் முன் ஜிக்குகளின் ஸ்கர்ட்டை எல்லாம் வெட்டிச் சீராக்கி, ட்ரைலர் பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். ஊ மின் வருகிற அன்று காலையில் வந்து கோர்த்துவிடலாம் என்று கணக்கு. அவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஜமால் நானே மாட்டித் தருகிறேன் என்று கோர்க்க உட்கார்ந்துவிட்டான்.

3. பாயின் அலங்காரம்

ஜமால் கோர்த்ததில் கோணல் இருக்கும் என்று நினைத்துத்தான் ஒன்றைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் ட்ரைலர் வாழைப்பழம் மாதிரி வளைந்தே இருந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். பாய் பெருமையாகக் கண்ணாடி அலமாரியைக் காட்டினார்.

அங்கே அவருடைய வீட்டு லப்பெத் தட்டு இருந்தது. நடுவில் ஊறிய தேயிலை, சுற்றிலும் வறுத்த பருப்பு, எள், பூண்டு என்று அறை அறையாக வைத்து விருந்தாளிக்கு நீட்டுவோமே, அந்த வட்டத் தட்டு. பாய் பாக்கெட்டுகளைப் பிரித்து, அறைக்கு ஒரு நிறமாக ட்ரைலர்களை அடுக்கியிருந்தார். வருகிறவர்கள் பார்த்து ஆசைப்படட்டும் என்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வட்டத் தட்டின் அறை வளைவாக அல்லவா இருக்கும்? அந்த வெயிலில், மின்விசிறிகூட ஓடாத கடையில், ட்ரைலர் எல்லாம் தட்டின் வளைவுக்கே படிந்துவிட்டன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தீ மிதித்துவிட்டு வந்தவள் சாந்தமாக இருக்க வேண்டும் என்பார்கள். அதெல்லாம் பறந்துவிட்டது.

"ஏன் பாய், திங்கவா வச்சீங்க இத?"

பாய் தலையைச் சொறிந்தார். ஜமால் சிரித்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்து என் மேசையின் நீளத்தை அளக்க ஆரம்பித்தான். அந்த நேரத்திலும் அளக்கிறான், பாருங்கள்.

ஊ மின் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. வேறு கடையில் பாக்கெட்டாக வாங்கிக்கொள்கிறேன், வண்டி மதியம் கிளம்புகிறது என்று பர்மியில் மெதுவாகச் சொன்னார். நான் அவரைப் பக்கத்து டீக்கடையில் போய் உட்காரச் சொன்னேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுவேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, சொல்லிவிட்டேன்.

4. பிளாஸ்க்

வளைந்த ட்ரைலரை நிமிர்த்த வெந்நீர் போதும். சூட்டில் தளரும், சமதளத்தில் நேராகப் போட்டு ஆறவிட்டால் அப்படியே நிற்கும். ஆனால் அன்றும் கரண்ட் இல்லை. கடையில் இருந்ததோ கரண்ட் கெட்டில் ஒன்றுதான். டீக்கடைக்கு ஓடினேன். அடுப்பு முழுக்க நாஷ்டாவுக்கான சட்டிகள். வெந்நீர் போட இடமே இல்லை என்று கடைக்காரி மா ஏ கையை விரித்தாள்.

ஊ மின் தன் மேசையில் இருந்த பிளாஸ்க்கைச் சாய்த்து வெறும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. நம் ஊர் டீக்கடையில் மேசைக்கு மேசை அந்தப் பிளாஸ்க் இருக்கும், காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் கீழே வைத்ததும் பிளாஸ்க்கை எடுத்தேன். அடுத்த மேசையிலும் எடுத்தேன், அதற்கடுத்த மேசையிலும் எடுத்தேன்.

மா ஏ பின்னாலேயே வந்தாள். "அக்கா, குடிக்கிறதுன்னா பரவால்ல. எங்க தூக்கிட்டுப் போற?"

மீனுக்கு என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைக்குத் திரும்பி, ஜமால் கோர்த்ததை எல்லாம் கழற்றி, அலுமினியத் தட்டில் தேநீரை ஊற்றி ட்ரைலர்களைப் போட்டேன். கொடுக்குகள் தளர்ந்து விரிந்தன. எடுத்து அலமாரிக் கண்ணாடி மேல் வரிசையாக நேராகக் கிடத்தினேன். மா ஏ அவளாகவே ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் முக்கி எடுத்ததும் எல்லாம் கப்பென்று நிமிர்ந்து நின்றன.

அப்புறம்தான் என் வேலை. ட்ரைலரை முள்ளுக்குப் பக்கத்தில் வைத்து, முள் எங்கே வெளியே வர வேண்டுமோ அங்கே நகத்தால் ஒரு குறி. தலை நுனியை பிளேடால் சிறிது வெட்டினால் ஸ்கர்ட்டுக்கு அடியில் ஒட்டி உட்காரும். முள்ளை நட்டநடுவில் இறக்கி, பிளாஸ்டிக்கை இழுக்காமல் முள் வளைவோடு தள்ளிக்கொண்டே போய்க் குறியில் வெளியே எடுக்க வேண்டும். இழுத்தால் உள்ளே சுருங்கிக் கோணிக்கொள்ளும். கடைசியில் கழுத்தில் ஒரு பொட்டு பசை. காலர் தைக்கும்போது துணியை இழுக்காதே, அதன் போக்கில் விடு என்பார்கள். இதுவும் அதேதான்.

முடித்ததை ஊ மின்னே டிரம்மில் விட்டு இழுத்தார். நிமிர்ந்து, கொடுக்கை ஆட்டிக்கொண்டு, நேராக வந்தது. குவியலின் அடியில் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே வந்தது. உடனே பையைத் திறந்து பிடித்தார். ஐயோ, எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்துவிட்டது. தீக்குழியைக் கடந்தபோதுகூட அப்படி இல்லை, அம்மன் மன்னிக்கட்டும்.

5. டீ வாசனை

போட்டியில் அவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு ஜிக்கும் சுற்றவில்லை என்று அடுத்த வாரமே ஊ மின் வந்து, கூட்டாளிகள் எல்லாருக்கும் ஆர்டர் கொடுத்தார். ட்ரைலரைத் தேநீரில் ஊறவைத்த கதையும் ஊரில் பரவிவிட்டது. விராலுக்கு டீ பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பாய்க்கு வியாபார மூளை வேலை செய்தது, டீ வாசனை ட்ரைலர் என்று போர்டு எழுதலாமா என்றார். சூட்டுக்காக ஊற்றியது, ருசிக்காக இல்லை, பொய் போர்டு மாட்டினால் நான் வேலைக்கு வராமல் தாகேதாவில் என் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். போர்டு வரவில்லை.

லப்பெத் தட்டை அவர் வீட்டில் திரும்ப வாங்கவில்லையாம். ட்ரைலரில் தடவியிருக்கும் எண்ணெயின் நாற்றம் போகவே இல்லை. இப்போது அதில் நான் ஈயத் தலைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஈயம் வெயிலில் வளையாது.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். பூச்சி வளைந்திருந்தால் முள்ளை வளைத்து ஈடுகட்டாதே. முதலில் பூச்சியை நிமிர்த்து, அப்புறம் கோர்.

ஜமால் அப்புறமும் ஒருமுறை அளவு நாடாவோடு வந்தான். மேசையை எங்கே நகர்த்தலாம் என்று கேட்டான். பாய் வெற்றிலையை மென்றுகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"செல்லம்மா மேசை எங்கயும் போவாது. அலமாரி வைக்கணும்னா என் நாற்காலிய எடு."